பிள்ளை பார்க்க வரும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, சிட்னி என்று ஊர் ஊராக இயங்கிவரும் வன்னி ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலைசெய்து ஓய்வு பெற்றவள். உங்கள் சங்கங்களில் இன்று தலைவர், செயலாளர், பொருளாளர் என்று இருப்பவர்களில் சிலரைத் தராசில் தொங்கவிட்டு நிறை பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஆடி, ஆவணி விடுமுறைக்கு நீங்கள் ஊருக்கு வருகிறீர்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வைகாசியிலேயே வருகிறவர்களும் உண்டு. வந்தவுடன் நீங்கள் முதலில் போகும் வீடு, புதிதாகப் பிள்ளை பிறந்த வீடு. நேராகச் சொல்கிறேன்: அந்தப் பிள்ளையைத் தூக்குவதற்கு முன் நீங்கள் ஊசி போட்டுக்கொண்டு வரவேண்டும்.

"பிள்ளைக்குத்தான் ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டாச்சே" என்பீர்கள். போட்டாயிற்று, உண்மைதான். இலங்கையில் பிறக்கும் பிள்ளைக்கு வீட்டுக்கு விடுவதற்கு முன் இடது தோளில் பிசிஜி போடுகிறோம். அது சயரோகத்துக்கானது. அதுவும் எல்லாச் சயரோகத்துக்கும் அல்ல. பிள்ளையின் மூளை உறையைத் தாக்குகிற வகை, உடம்பெங்கும் பரவுகிற வகை ஆகிய இரண்டுக்கும்தான் அது நல்ல காவல். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நிறையும் வரை வேறு ஊசி இல்லை. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில், குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்புவலி (டெட்டனஸ்) உட்பட ஐந்து நோய்களுக்கான ஐங்கூட்டுத் தடுப்பூசி. சின்னமுத்துக்கும் (தட்டம்மை) கூகைக்கட்டுக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்துப் போடுகிற எம்எம்ஆர் ஒன்பது மாதத்தில்தான் வரும்.

இடையில் பிள்ளை எதை வைத்துத் தப்புகிறது? தாய் கொடுத்ததை வைத்து. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் இரத்தத்திலிருந்து ஐஜிஜி என்ற பிறபொருளெதிரி, அதாவது கிருமியை எதிர்க்கிற புரதம், நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையிடம் அது தாயிடம் இருக்கும் அளவுக்கு, சில வேளை அதைவிடக் கூடவும், இருக்கும். எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சீதனம் பாதியில் நின்றுவிடுகிறது. முழுதாகக் கிடைத்தாலும் அது நிரந்தரம் இல்லை. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். தாயிடம் இல்லாதது பிள்ளைக்கும் வராது என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

கடும்புப்பாலும் அதற்குப் பின் வரும் தாய்ப்பாலும் இன்னொரு வகைக் காவல். அவற்றிலுள்ள பிறபொருளெதிரிகள் பிள்ளையின் தொண்டையிலும் குடலிலும் படிந்து கிருமியை உள்ளே விடாமல் தடுக்கின்றன. நீங்கள் பாசத்தோடு கொண்டுவருகிற பால்மா ரின்னில் அது இல்லை. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைக்கிறோம். வெளிநாட்டு மாமி கொண்டுவந்த ரின் அலுமாரியில் இருந்தால், இரவில் பிள்ளை இரண்டு தடவை சிணுங்கியதும் அது இறங்கிவிடும்.

சின்னமுத்து விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் பாட்டிமாருக்கு அந்த வருத்தமே வந்து போனது. அவர்களின் உடம்பில் எதிர்ப்பு உறுதியாக இருந்தது, அதைப் பிள்ளைக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். இன்றைய தாய்மார் ஊசியால் பாதுகாக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு அது போதும். ஆனால் பிள்ளைக்குப் போய்ச் சேரும் அளவு குறைவு, சீக்கிரம் கரைந்தும் விடுகிறது. பல பிள்ளைகளுக்கு ஆறு மாதம் ஆவதற்குள் பாதுகாப்புப் போதாமல் போய்விடுகிறது. அப்படியென்றால் ஊசியை முன்னதாகவே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். எம்எம்ஆர் உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பில் மிச்சமிருப்பது அதை வேலை செய்ய விடாமல் அடக்கிவிடும். பிள்ளையின் உடம்பும் அந்த வயதில் அதை நன்றாகக் கற்றுக்கொள்ளாது. தாயின் காவல் போய், ஊசியின் காவல் வராத சில மாதங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. 2011இல் நாட்டில் முதல் எம்எம்ஆரை ஒரு வயதுக்குத் தள்ளினார்கள். 2013, 2014இல் சின்னமுத்துப் பரவியபோது ஒரு வயது நிறையாத பிள்ளைகள் நிறையப் பாதிக்கப்பட்டார்கள். 2015இல் திரும்ப ஒன்பது மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று இலங்கைக்குச் சான்றிதழ் கிடைத்தது. 2023இல் அது திரும்பவும் தலைகாட்டியது.

இந்த வருத்தம் வன்னிக் காட்டுக்குள் தானாக முளைப்பதில்லை. யாரோ கொண்டுவர வேண்டும். கனடாவில் 2024 ஐப்பசியில் தொடங்கிய பரவல் ஒரு வருடத்துக்கு மேல் ஓயாததால், 2025 கார்த்திகையில் அந்த நாடு சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியையே இழந்தது. அந்த வருடத்தில் மட்டும் 5000க்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. தாயின் வயிற்றிலேயே தொற்றி, குறைமாதத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். எதிர்ப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றும் நோய் இது. நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை வைரஸ் நிற்கும். உடம்பில் தடிப்புப் போடுவதற்கு நான்கு நாளுக்கு முன்பே மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். விமானம் ஏறும்போது உங்களுக்குச் சும்மா தடிமன் மாதிரித்தான் இருக்கும்.

உங்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருக்கலாம். இலங்கையில் சின்னமுத்து ஊசி 1984இல்தான் வந்தது. இரண்டாவது தடவை போடும் வழக்கம் 2001இல். எண்பதுகளில், தொண்ணூறுகளில் ஊரைவிட்டுப் போன உங்களுக்கு ஒரு தடவை போட்டிருப்பார்கள், அல்லது அதுவும் இல்லை. ஒரு தடவை போட்டால் நூற்றுக்கு 93 பேருக்குப் பாதுகாப்பு, இரண்டு தடவை போட்டால் 97 பேருக்கு. கிளினிக் கொப்பி இடப்பெயர்வில் தொலைந்துபோயிருக்கும். எங்களுடையவை முள்ளிவாய்க்காலோடு போயிற்று. கொப்பி இல்லையென்றால் தேடிக் கவலைப்பட வேண்டாம். இன்னொரு தடவை போட்டுக்கொள்வதால் கெடுதல் இல்லை. கர்ப்பிணிகளும் நோயெதிர்ப்பு மிகவும் குறைந்த நிலையில் இருப்பவர்களும் போடக்கூடாது, உங்கள் குடும்ப வைத்தியர் அதைப் பார்த்துச் சொல்வார்.

குக்கல் இதைவிடச் சத்தமில்லாமல் வரும். பெரிய ஆளுக்கு அது மாதக்கணக்கில் விடாத ஒரு இருமல். "ஏசிக் காத்து ஒத்துவரேல்ல" என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள். இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்கு இருமலே வராமலும் இருக்கும். மூச்சுச் சற்று நின்று, உதடு நீலமாகும். எங்கள் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலி ஊசி 1969இலிருந்து போடப்படுகிறது. ஒருகாலத்தில் பிறந்த பிள்ளைகளைக் கொண்டுபோன ஏற்புவலியை இன்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் புத்தகத்தில்தான் படிக்கிறார்கள். குக்கலுக்கு எங்கள் கர்ப்பிணிகளுக்கு ஊசி இல்லை. உங்கள் நாடுகளில் உண்டு, பிரித்தானியாவில் 2012இலிருந்தே உண்டு. அப்படி இருந்தும் 2024இல் இங்கிலாந்தில் குக்கல் பெருகியபோது பச்சைக் குழந்தைகள் பத்துக்கு மேல் இறந்தார்கள். ஆகவே அந்த ஊசியையும் ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டு வாருங்கள். பிள்ளையின் உடம்பில் வேலி போட முடியாத காலத்தில் அதைச் சுற்றியிருப்பவர்கள்தான் வேலி. அதில் பொட்டு விடுவது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற சொந்தம்.

இனி அந்தக் குரல் பதிவு.

உங்கள் வட்ஸ்அப் குழுக்கள் வழியாக இங்கே இறங்கி, கிளினிக்குக்கு வருகிற தாய்மாரின் போனில் எல்லாம் அது இருக்கிறது. ஆபிரிக்காவில் கினி-பிசாவ் என்ற நாட்டில் முக்கூட்டு ஊசி (தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி மூன்றுக்கும் சேர்த்தது) போட்ட பிள்ளைகள், போடாத பிள்ளைகளைவிட ஐந்து மடங்கு இறந்தார்களாம். டென்மார்க் விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்களாம். சுகாதாரத் திணைக்களம் இதை மறைக்கிறதாம். நல்ல வடிவான தமிழில், பதறாத குரலில் ஒருவர் சொல்கிறார். அதனால்தான் எடுபடுகிறது.

முழுப் பொய் என்று சொல்லித் தட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அப்படி ஒரு கட்டுரை 2017இல் வந்தது. 1980களின் தொடக்கத்தில் பிசாவ் நகரத்தில் மூன்று முதல் ஐந்து மாதப் பிள்ளைகளைப் பற்றிய பழைய பதிவுகளை வைத்து எழுதியது. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த பரிசோதனை அல்ல. எண்ணிக்கையும் சிறியது. எந்தப் பிள்ளைக்கு ஊசி கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதற்கே ஆயிரம் காரணம் இருக்கக்கூடிய காலம் அது. உலக சுகாதார நிறுவனம் இந்தக் கேள்வியை அதற்கு முன்பே தனியாக எடுத்து, அதுவரை கிடைத்த ஆய்வுகளை எல்லாம் 2014இல் பரிசீலித்தது. முக்கூட்டு ஊசியைப் பற்றிய தரவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஊசி அட்டவணையை மாற்ற அவை போதாது என்ற முடிவுக்கு வந்தது. மறைத்தார்கள் என்பது எப்படிப் பொருந்தும்? எல்லோரும் வாசிக்கத்தக்கதாகத்தான் எல்லாம் கிடக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அந்தக் கட்டுரைக்குப் பின்னால் இருப்பவர்கள் 1978இலிருந்து கினி-பிசாவில் பண்டிம் சுகாதாரத் திட்டத்தை நடத்திவருகிறவர்கள். அதைத் தொடங்கியவர் பீற்றர் ஆபி. அவர்களுடைய வாழ்நாள் வேலையின் மறுபாதி, ஊசிகள் எதிர்பார்த்ததைவிடக் கூட நன்மை செய்கின்றன என்பது. சின்னமுத்து ஊசி போட்ட பிள்ளைகளிடம் மரணம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், சின்னமுத்தால் வரும் மரணங்களை மட்டும் கழித்தால் வராத அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று சொன்னவர்கள் அவர்கள்தான். நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிசிஜியைத் தள்ளிப்போடுவது அங்கே வழக்கமாக இருந்தது. அவர்கள் அந்தப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பிறந்தவுடன் போட்டுப் பார்த்தார்கள். அப்படிச் செய்த பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது முதல் மாத மரணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. சயரோகத்தால் பிறந்த மாதத்தில் பிள்ளை இறப்பது மிக அரிது. குறைந்தது மற்றக் கிருமிகளால் வரும் மரணம். குரல் பதிவுக்காரருக்கு இந்தப் பாதி தேவைப்படவில்லை.

அதைக் கேட்டுவிட்டு நான் துள்ளிக் குதிக்கவும் இல்லை. புதுச்சேரியிலும் சென்னையிலும் இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் ரஷ்ய வகைப் பிசிஜியைக் கொண்டு இதே பரிசோதனையைச் செய்தார்கள். மரணத்தில் குறைவு தெரியவில்லை. டென்மார்க்கிலேயே 4000க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்தபோதும், ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவது குறையவில்லை. ஊசியின் வகையா, அந்தந்த ஊரின் கிருமிகளா, எது வித்தியாசத்துக்குக் காரணம் என்று இன்னும் வாதாடுகிறார்கள். எப்படி நடக்கலாம் என்பதற்கு மட்டும் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மிகாய் நெற்றெயாவின் குழு 2012இல் காட்டியது அது. பிசிஜி போட்ட பெரியவர்களின் இரத்தத்தில் உள்ள ஒரு வகை வெள்ளணுக்கள், சயரோகத்தோடு சம்பந்தமே இல்லாத கிருமிகளுக்கும் முன்னைவிடப் பலமாக எதிர்வினை காட்டின. மூன்று மாதத்துக்குப் பின்னும் காட்டின. அந்த அணுக்களுக்குள் எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்ற அடையாளங்கள் மாறியிருந்தன. பயிற்றப்பட்ட நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) என்று இதைச் சொல்கிறார்கள்.

நான் இன்னும் வேலையில் இருந்திருந்தாலும் இதைக் காட்டி ஒரு தாயை ஊசிக்கு இணங்க வைக்கமாட்டேன். பிசிஜி இங்கே போடப்படுவது சயரோக மூளைக்காய்ச்சலைத் தடுக்க. வேறு நன்மை கிடைத்தால் லாபம். சின்னமுத்து ஊசியின் விஷயம் அப்படியல்ல, அங்கே எனக்கு உறுதி கூட. சின்னமுத்து வந்து மாறிய பிள்ளையின் உடம்பு, முன்பு படித்து வைத்த எதிர்ப்புகளையும் மறந்துவிடுகிறது. நெதர்லாந்தில் ஊசி போடாத பிள்ளைகளின் இரத்தத்தை வருத்தத்துக்கு முன்னும் பின்னும் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். மற்றக் கிருமிகளுக்கு இருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்தன. "அம்மாள் வந்து போன பிறகு பிள்ளை தேறவே இல்லை, ஒண்டு மாறி ஒண்டு வருத்தம்" என்று எங்கள் பெரியம்மாமார் சொல்வதை நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அவர்கள் கண்டதைத்தான் இரத்தப் பரிசோதனையும் கண்டது. ஊசி அந்த அழிவுக்கு இடம் வைப்பதில்லை.

தொண்ணூற்றைந்தில், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து கொடுப்பதற்காகவே இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்த நாட்கள் இருந்தன. மின்சாரம் இல்லாத வன்னிக்குள் ஐஸ் பெட்டியில் மருந்து வந்தது. 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்காவிட்டால் மருந்து பழுதாகும். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று உங்கள் குழுக்களில் இந்தக் குரல் பதிவை முன்னனுப்புகிறார்கள் என்பது எனக்குச் செரிக்கவில்லை.

ஏன் இதைத் தாய்மாருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். தாய்மாருக்குச் சொல்லியாயிற்று. கை கழுவாமல் ஆரையும் தூக்க விடாதேங்கோ, கொஞ்ச விடாதேங்கோ, இருமல் தடிமன் உள்ள ஆக்களை அறைக்குள்ள விடாதேங்கோ என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறோம். தலையாட்டுவார்கள். ஒரு வீட்டில் முப்பத்தொன்றாம் நாள். லண்டனிலிருந்து வந்த மாமி தொண்டையைச் செருமிக்கொண்டே பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பஞ்சாயுதம் போட்டது அவர்தான். பிள்ளையின் தாய் என் காதுக்குள் சொன்னாள்: "மிஸ், நான் எப்பிடிச் சொல்லுறது? இந்த வீடு கட்டினதே அவை அனுப்பின காசில."

அவளிடம் எனக்குப் பதில் இல்லை. காசு அனுப்பியவரைக் கை கழுவச் சொல்ல எந்த மருமகளுக்கு வாய் வரும்? நீங்களாகவே செய்தால்தான் உண்டு. வாசலில் சவர்க்காரம் எங்கே என்று நீங்கள் முதலில் கேளுங்கள். உதட்டோரம் கொப்பளம் இருக்கும்போது பிள்ளையைக் கொஞ்சாதீர்கள். பெரியவருக்கு ஒரு கிழமையில் காய்ந்துவிடும் அந்த வைரஸ் பச்சைப்பிள்ளையின் மூளைக்குப் போகக்கூடியது. நாக்கில் தேன் தடவுவது ஒரு வயது வரை வேண்டாம். தொப்புளில் ஒன்றும் பூச வேண்டாம், காய்ந்து விழட்டும். உங்களுக்குக் காய்ச்சல் குணம் என்றால் போனில் பிள்ளையைப் பாருங்கள். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்று, உங்கள் ஊரில் அவசரத்துக்கு அம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியாது. இங்கே பால் குடிக்காமல் சோர்ந்த பிள்ளையை ஒரு குக்கிராமத்திலிருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கும் முடியாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு. முல்லைத்தீவிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கு மேல். பச்சைப்பிள்ளைக்குக் கிருமி இரத்தத்தில் ஏறினால் மணித்தியாலங்கள்தான் கணக்கு.

சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில், இயந்திரம், நுழைவாயில் வளைவு என்று நிறையச் செய்திருக்கிறீர்கள். வளைவு இனிப் போதும் என்பது என் சொந்த அபிப்பிராயம். மாரியில் பாதை வெள்ளத்தில் மூழ்கும்போது உட்கிராமத்துத் தாய்மார் கிளினிக் நாளைத் தவறவிடுகிறார்கள். ஒன்பது மாதத்து ஊசி பதினொரு மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. அந்த இரண்டு மாதமும் சின்னமுத்துக்கு எதிராகப் பிள்ளைக்கு ஒரு காவலும் இல்லாத மாதம். அந்த நாட்களில் தாய்மாரை ஏற்றிவர ஒரு வான் பிடித்துக் கொடுப்பது வளைவின் செலவில் ஒரு துளி. உங்கள் ஊருக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு கதைத்தால் எந்தக் கிராமங்கள் என்று சொல்வார்கள்.

பயணச்சீட்டு எடுக்கிற அன்றைக்கே குடும்ப வைத்தியரிடம் திகதி எடுத்துவிடுங்கள். எம்எம்ஆர் பிடிப்பதற்குக் கிட்டத்தட்ட இரண்டு கிழமை வேண்டும். இரண்டு தடவை போடவேண்டியவர்கள் நடுவில் நான்கு கிழமை விடவேண்டும். ஆடியில் வருகிறவர்கள் சித்திரையிலேயே தொடங்கினால் சரியாக இருக்கும். குழு நிர்வாகிகள் அந்தக் குரல் பதிவை அழித்துவிட்டு, கோடை ஒன்றுகூடல் அறிவித்தலோடு இந்தப் பந்தியை மட்டுமாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்
முல்லைத்தீவு மாவட்டம்